எட்மண்டின் ஹெரால்டு மேடையேறியது

எட்மண்டின் கால்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அரை இஞ்சு ஸ்பானர் இருக்கும். கைக்குட்டை மறந்து போகும், மூக்குக் கண்ணாடி மறந்து போகும், ஸ்பானர் மட்டும் மறக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கும்போது அது பெஞ்சில் இடித்து 'டங்' என்று சத்தம் வரும். பெண்கள் வரிசையில் இருக்கும் அவர் மனைவி சரோஜினி கண்ணைத் திறக்காமலே பெருமூச்சு விடுவார். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய அந்தச் சபையில், ஜெபம் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த டங்தான் அடையாளம் என்று பாடகர் குழுவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

பழக்கம் பெருங்களத்தூர் கார்த் தொழிற்சாலையில் வந்தது. 1965-ல், இருபத்திரண்டு வயதில் அங்கே சேர்ந்தார். சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் பாடியை இறக்கி, போல்ட் போட்டு முறுக்குவது வேலை. அப்போது அங்கே உருவாகிக்கொண்டிருந்தது ஹெரால்டு கார். அந்தக் கார் ஒரே கூடாக வார்த்தது இல்லை. சேஸிஸ் தனி, முன்பாதி தனி, பின்பாதி தனி, கூரை தனி. எல்லாம் போல்ட்டில் நிற்பது. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் போல்ட் எங்கே என்று சொல்லுவார். 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. குரோம்பேட்டையில் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராகப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். ஸ்பானர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

வீட்டுப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. அதற்குள் அவருடைய ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு, பாலாடை நிறம். 1978-ல் பழசாக வாங்கினார். அடுத்த வருடம் ஒரே மகள் ஜோசலின் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். 1994-ல் நின்றது. அதன்பின் ஒவ்வொரு தீபாவளி விடுமுறையிலும் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். பதினோரு தீபாவளி போயிற்று.

சரோஜினி கணக்கு டீச்சர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் டியூஷன். பதினான்கு பிள்ளைகள் முன் வராந்தாவில் உட்கார்ந்து படிப்பார்கள். 2005-ல் அக்டோபரில் பிடித்த மழை நவம்பர் முழுக்க விடவில்லை. முடிச்சூர்ப் பக்கம் தெருவெல்லாம் குளம். வராந்தாவில் சாரல் அடித்து, அல்ஜீப்ரா நோட்டுகள் கொடியில் காய்ந்தன. பதினான்கு பிள்ளைகள் நனைய, ஓடாத ஒரு வண்டி மட்டும் நனையாமல் நிற்பதைச் சரோஜினி ஒரு மாதம் பார்த்தார். அதற்குமேல் பார்க்க அவரால் முடியவில்லை. கொட்டகையைச் சுத்தம் செய்து டியூஷன் அறையாக்குவது, வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார். எட்மண்டுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது முறை சாம்பார் கேட்காமல் எழுந்தார் என்றால் அவர் துக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவரைக் காப்பாற்றியது கிறிஸ்துமஸ் நாடகம்.

பதினான்கு வருடமாகச் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தை எழுதி இயக்குவது சரோஜினிதான். அந்த வருடம் எழுதியது ஒரு டாக்டர் கதை. கொட்டும் மழையில் ஒரு பிரசவத்துக்காகக் காரில் கிளம்புகிறார் டாக்டர். வழியில் கார் நின்றுவிடுகிறது. எல்லோரும் நம்பிக்கை இழந்து ஜெபிக்கிறார்கள். கார் தானாக நகர்கிறது. அதுதான் உச்சக்கட்டம். முந்தைய வருடம் அட்டையில் கார் செய்திருந்தார்கள். அதிலிருந்து இறங்கியவர் கால் அட்டையைக் கிழித்துக்கொண்டு போய், காரைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டே வசனம் பேசினார். சபை அதை இன்னும் மறக்கவில்லை.

எட்மண்ட் மெதுவாக ஆரம்பித்தார். உண்மையான காரே வீட்டில் நிற்கும்போது அட்டை எதற்கு என்றார். சரோஜினி பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடையில அது தானா நகரணும். யாரும் தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. அப்படி நகர்ந்துச்சுன்னா வண்டி வீட்டுல இருக்கட்டும். நகரலைன்னா ஜனவரி ரெண்டாம் தேதி காயலான் கடை. சம்மதமா?"

எட்மண்ட் சம்மதித்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். டீச்சர் நாடகப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு எட்மண்ட் இன்னொன்றும் கேட்டார். காரை ஓட்ட ஒரு டிரைவர் வேண்டுமே, அந்த வேஷம் தனக்குத்தானே? சரோஜினி தயங்கினார். மேடையேறினால் எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிடும். 1991-ல் மேய்ப்பனாக நின்று சிரித்தார். அதன்பின் அவருக்கு வேஷமே கொடுத்ததில்லை. கடைசியில் வசனம் கிடையாது, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

நவம்பர் பாதியில் வேலை தொடங்கியது. கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். பெட்ரோல் டாங்கைக் கழுவினால் சிவப்புத் தண்ணீர் வந்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஓர் எறும்புக் கூட்டம் குடியிருந்தது. பின் சீட்டில் எலி குட்டி போட்டு வளர்த்து, வளர்ந்தவை வெளியூர் போயிருந்தன. டிசம்பர் நான்காம் தேதி, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். நீலப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. நான்கு நிமிடம் ஓடியது. டியூஷன் பிள்ளைகள் கைதட்டினார்கள். சரோஜினி சமையலறை ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த வாரம் சபைக் கமிட்டி கூடியது. அதன் செயலர் வில்பிரட். டாக்டர் வேஷமும் அவருக்குத்தான். தொண்ணூற்றைந்து கிலோ, கணீர் குரல், எதையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுகிறவர். நாடகத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஆராதனை இருப்பதால் மண்டபத்துக்குள் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சபைப் போதகரான ஆயரும் அதையே சொன்னார். வில்பிரட் வருத்தத்தோடு விஷயத்தைச் சொல்ல வந்தார். எட்மண்ட் காபி கொடுத்து உட்கார வைத்து, பெட்ரோலே வேண்டாம் என்றார்.

விஷயம் இதுதான். வண்டியை முதல் கியரில் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரே சக்கரத்தையும் சுற்றிவிடும். பாட்டரி மட்டும் போதும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சினில் அழுத்தம் இருக்காது. இன்னும் லேசாகச் சுற்றும். பத்தடி தூரம் தாராளமாகப் போகும். வில்பிரட்டுக்குப் புரியவில்லை. ஆனாலும் டாங்கைக் காலி செய்துதான் உள்ளே கொண்டுவருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

எட்மண்ட் மேடையை அளந்தார். இருபத்தெட்டு அடி நீளம், மூன்று அடி உயரம், உள்ளே மண் நிரப்பி மேலே சிமெண்ட் போட்டது. பத்து யானை நின்றாலும் தாங்கும். வண்டி பன்னிரண்டே முக்கால் அடி. பாதி பக்கத் திரைக்குப் பின்னால், பாதி வெளியே. சாய்தளத்துக்குச் சவுக்குக் கட்டை, பலகை. எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்தார். மண்டபத்து வாசலை மட்டும் அளக்கவில்லை. 1979-ல் அந்த மண்டபம் கட்டும்போது கட்டடக் கமிட்டியில் இருந்தவர் அவர். வாசல் ஐந்தரை அடி. வண்டியின் அகலம் ஐந்தடி. இதற்கு எதற்கு டேப்?

ஜோசலின் பதினேழாம் தேதி லீவில் வந்தாள். ஓசூரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவு எஞ்சினியர். வந்தவுடன் பாட்டரியைச் சோதித்தாள், டயர்களைப் பார்த்தாள், தகப்பனுடைய வாசல் கணக்கையும் கேட்டாள். அளந்தீங்களா டாடி என்றாள். அந்த வாசலை நான்தானே கட்டினேன் என்றார். அவளும் விட்டுவிட்டாள். வருடம் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சந்தேகப்படுவதுதான் அவள் உத்தியோகம். லீவிலும் செய்ய வேண்டாம் என்று நினைத்தாள்.

இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை. வெளியே பெட்ரோலுக்குத் தடை இல்லை. ஹெரால்டு தன் சொந்தக் காலில் கொட்டகையிலிருந்து இறங்கி முடிச்சூர் சாலைக்கு வந்தது. எட்மண்ட் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சரோஜினி ஏற மறுத்து, பின்னாலேயே ஆட்டோவில் வந்தார்; வழியில் எதுவும் கழன்று விழுந்தால் பொறுக்க ஆள் வேண்டும் என்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு கிலோமீட்டர். தண்ணீர் லாரி வழிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எட்மண்ட் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார்.

மண்டபத்து வாசலில் மெதுவாக மூக்கை நுழைத்தார். 'கிறீச்' என்றது. நின்றது.

இறங்கிப் பார்த்தார். பம்பரின் இடது முனை ஒரு கறுப்புக் கருங்கல் பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. கல்லில் பொன்நிற எழுத்தில் பெயர்கள். வலப் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு கல்.

2001-ல் சபையின் பொன்விழாவுக்கு வைத்த நன்கொடையாளர் கல்வெட்டுகள் அவை. பெயர்கள் எண்பத்துநான்கு. முதலில் வெளிச்சுவரில் வைப்பதாகத்தான் இருந்தது. கேட்டிலிருந்து வரும்போது எந்தக் கல் முதலில் கண்ணில் படும் என்று தகராறு வந்தது. பின் கல்லில் இருந்தவர்கள் ஒப்பவில்லை. ஒரு வருடம் கூடிப் பேசி, வாசலின் இரண்டு நிலையிலும் எதிரெதிராக வைத்துவிட்டால் யாரும் முதலும் இல்லை, கடைசியும் இல்லை என்று முடிவு கண்டார்கள். கல்லும் பின்னால் பூசிய சிமெண்டுமாக ஒவ்வொன்றும் ஐந்தரை இஞ்சு. வாசல் நான்கடி ஏழு இஞ்சாகிவிட்டது. அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் எட்மண்டும் ஒருவர். நான்கு வருடமாக அதன் வழியாகப் போய் வருகிறார்.

குனிந்து பார்த்த ஜோசலினுக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டது. பம்பர் உரசிப் பொன்நிறம் உதிர்ந்த இடத்தில் இருந்த பெயர், இடது கல்லில் கீழிருந்து நான்காவது: திரு. எட்மண்ட் மற்றும் குடும்பத்தார், மின்விசிறி ஒன்று.

"டாடி, உங்க வண்டியை நீங்களே மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

வில்பிரட்டுக்கு ஆள் போயிற்று. வேட்டியோடு ஓடிவந்தார். கல்லைப் பெயர்த்து வைத்துவிட்டு நாடகம் முடிந்து மறுபடி பதிக்கலாமே என்று பாடகர் குழுவில் யாரோ சொல்ல, அவர் முகம் வெளுத்தது. இடது கல்லில் முதல் பெயர் அவருடைய காலமான அப்பாவுடையது. அதுமட்டுமல்ல, கல்லைத் தொட வேண்டுமென்றால் எண்பத்துநான்கு குடும்பத்தையும் கூட்ட வேண்டும். கூட்டினால் பெயர் வரிசைப் பிரச்சினை மறுபடி கிளம்பும். கிளம்பினால் இந்தக் கிறிஸ்துமஸ் போய் அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிடும். அங்கே வந்து நின்ற ஆயருக்கு ஏப்ரலில் மாறுதல், அதுவரை சபையில் சண்டை வேண்டாம். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, கல் வேண்டாம் என்றார்.

சரோஜினி ஆட்டோவிலிருந்து இறங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நாடகப் பிரதியின் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

எட்மண்ட் பம்பரில் சாய்ந்தார். பிறகு அவர் கை கால்சட்டைப் பைக்குள் போயிற்று.

"சேஸிஸ் சக்கரத்தோட நாலடி அஞ்சு இஞ்சு," என்றார். "பக்கத்துக்கு ஒரு இஞ்சு இடம். மேல இருக்குறதைத்தானே பிரிக்கணும். போட்டவன் நான்தான், பிரிக்கத் தெரியாதா?"

அன்று மத்தியானமே ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டிப் பிரித்தார்கள். முதலில் எட்மண்ட் டாங்கைக் காலி செய்து, வில்பிரட் முன்னால் கவிழ்த்துக் காட்டினார். எஞ்சினை மூடும் பானட் கழன்று வந்தது. கதவுகள் வந்தன. கூரையும் முன்பாதியும் பின்பாதியும் வந்தன. ஜோசலின் ஒவ்வொரு போல்ட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் ஒட்டி, எந்த நம்பர் எந்த இடம் என்று ஒரு நோட்டில் எழுதினாள். எட்மண்டுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆயிரக்கணக்கான வண்டி பூட்டிய கைக்கு நோட்டு எதற்கு என்று கேட்டார். வாசலையும் நீங்கதானே கட்டினீங்க என்றாள். அவர் அடுத்த போல்ட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

புதன்கிழமை சேஸிஸ் எஞ்சினோடு வாசலில் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம். எண்பத்துநான்கு பெயரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்ட மாதிரி இருந்தது. சாய்தளத்தில் எட்டுப் பேர் தள்ளி ஏற்றிவிட்டார்கள். பின்பாதிதான் தகராறு. சீட்டுப் பகுதியும் டிக்கியும் சேர்ந்த பெரிய தகரத் தொட்டி அது. சாய்த்துத் தூக்கினால் வாசலில் நுழையும். ஆனால் மேடை வரைக்கும் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் போதவில்லை. வேலை நாள். இருந்தவர்கள் பாதிப் பேர் பாடகர் குழுவில் ஆல்டோக் குரலில் பாடும் பெண்கள்.

அப்போதுதான் ரங்கன் வந்தார். கோவளத்துப் பக்கம் குப்பத்துக்காரர். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு தாம்பரத்துக்கு மீன் கொண்டுவருவார். சரோஜினி வீட்டுக்கு வாடிக்கை. டீச்சரை வீட்டில் காணாமல் தேடிக்கொண்டு வந்தவர், வேப்பமரத்தடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார் இது, காரை கூறு போட்டு வச்சிகீறே? கூறு எவ்ளோ?"

எட்மண்ட் சிரிக்கவில்லை. அவர் மீன்பாடி வண்டியின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பை எடுத்தார். அந்த வாரத்தில் முதல் முறையாக அளந்தார். தரையிலிருந்து பலகை இரண்டே முக்கால் அடி. மேடை மூன்றடி. கீழே மூன்று இஞ்சுக் கட்டை கொடுத்தால், தொட்டி பலகையிலிருந்து நேராக மேடைக்கு நழுவிப் போய்விடும். அகலம் மூன்றரை அடி. கல்வெட்டுக்கு நடுவே சவாரியே போகலாம்.

ரங்கன் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தார். பின்பாதி சாய்ந்தபடி மீன்பாடி வண்டியில் ஏறி, கல்வெட்டுகளைக் கடந்து, மேடைக்கு முன்னால் போய் நின்றது. தள்ளியவுடன் வழுக்கிக்கொண்டு மேடைக்குப் போயிற்று. பலகையில் இருந்த மீன் வழுவழுப்பும் உதவியது. கூரையும் முன்பாதியும் பானட்டும் அதே மாதிரி. கிறிஸ்துமஸ் வரைக்கும் மண்டபத்தில் வஞ்சிர வாடை அடித்தது. டாக்டர் கடலோரக் கிராமத்துக்குப் போகிறார் என்று சரோஜினி வசனத்தில் ஒரு வரி சேர்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டியைப் பூட்டி முடித்தார்கள். பிளக்குகளைக் கழற்றி, பாட்டரியை இணைத்து, முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினார் எட்மண்ட். வண்டி முனகிக்கொண்டு இரண்டடி நகர்ந்து நின்றது. சரோஜினி ஒத்திகை கணக்கில் வராது என்றார். ஜோசலினுக்கு அது இழுத்த விதம் பிடிக்கவில்லை. பாட்டரி புதுசு, இவ்வளவு சோம்பலாக இழுக்கக் கூடாது. பைகளைச் சரிபார்த்தாள். எல்லாம் காலி, ஒன்றைத் தவிர.

"பதினேழாம் நம்பர்ல ஒண்ணு மிச்சம் இருக்கு டாடி."

"ஒண்ணு மிஞ்சாம யாரும்மா வேலை பார்த்திருக்கா?"

"எங்க கம்பெனியில ஒண்ணு மிஞ்சினா லைனையே நிறுத்திடுவோம்."

"அதான் எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரே மூஞ்சியா இருக்கு," என்று சொல்லி அந்தப் போல்ட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நோட்டு வீட்டில் இருந்தது. பாடகர் குழு ஒத்திகைக்கு மேடை வேண்டும் என்று காத்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். நாளைக்கு ஆயிரம் வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. மண்டபம் நிறைந்து, ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள். ரங்கன் தன் மனைவியோடு பின்னால் நின்றார். தன் வண்டி ஏற்றிய கார் ஓடுகிறதா என்று பார்க்க வந்திருந்தார். மெழுகுவத்தி ஆராதனை முடிந்தது. திரை விலகியது. தகரத்தில் மணல் உருட்டி மழைச் சத்தம் கொடுத்தார்கள். பாதி கார் பக்கத் திரைக்கு வெளியே தெரிந்ததுமே கைதட்டல். ஸ்டியரிங் பின்னால் காக்கித் தொப்பியோடு எட்மண்ட், வாயை இறுக மூடிக்கொண்டு. வில்பிரட் கோட்டும் பையுமாக வந்தார். அவசரத்தில் இருக்கும் டாக்டர் ஆதலால் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினார். வண்டி முழுக்கக் குலுங்கியது.

கிராமத்தார் மண்டியிட்டு ஜெபித்தார்கள். சரோஜினி பக்கத் திரைக்குள் பிரதியோடு நின்றார். வசனம் வந்தது: "டிரைவர், கர்த்தர் பேரில் பாரத்தைப் போட்டு வண்டியை எடு." எட்மண்ட் சாவியைத் திருப்பினார்.

'டிக்.'

மறுபடி திருப்பினார். 'டிக்'. அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் ஜோசலின் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். பதினேழு: பாட்டரி எர்த் பட்டை. பாட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் திரும்பிப் போகும் வழி. நேற்று அது போல்ட் இல்லாமலே தகரத்தில் சாய்ந்து தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. வில்பிரட் சாத்திய சாத்தில் நழுவிவிட்டது. அவள் நிமிர்ந்தாள். காரின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

எட்மண்ட் இறங்கி முன்னால் போனார். ஹெரால்டின் பானட் முன்பக்கமாக, முதலை வாயைத் திறக்கிற மாதிரி, மொத்தமாகத் திறக்கும். திறந்ததும் பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். அவர் உள்ளே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து போல்ட்டையும் கால்சட்டைப் பையிலிருந்து ஸ்பானரையும் எடுத்தார். சபை இதெல்லாம் நாடகம் என்றே நினைத்தது. வில்பிரட்டுக்கு மட்டும் இது பிரதியில் இல்லை என்று தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று கணீரென்று கேட்டார்:

"டிரைவர், இன்னும் எவ்வளவு நேரம்?"

பானட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீங்க கதவை மெதுவா சாத்தியிருந்தா இந்நேரம் குழந்தையே பிறந்திருக்கும் டாக்டர்."

மண்டபம் அதிர்ந்தது. சரோஜினி பிரதியைப் பார்த்தார். அதில் டிரைவருக்கு வசனம் கிடையாது.

எட்மண்ட் பானட்டைச் சாத்தினார், ஏறினார், சாவியைத் திருப்பினார். வண்டி உறுமவில்லை. பிளக் இல்லாத நான்கு துளையிலும் 'புஸ், புஸ், புஸ்' என்று மூச்சு வாங்கிக்கொண்டு, தொண்ணூற்றைந்து கிலோ டாக்டரோடு, கல்யாணப் பெண் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை. யாரும் இழுக்கவில்லை. இரண்டடி, ஐந்தடி, எட்டடி. பின்பாதி முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. கிராமத்தார் எழுந்து நின்றார்கள். "போவுது பாரு, போவுது," என்றார் ரங்கன். அந்த இடத்தில் எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். திரை மூடுகிறவரைக்கும் நிறுத்த முடியவில்லை.

திரைக்குப் பின்னால் சரோஜினி வந்து நின்றார். எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானா நகர்ந்ததா இல்லையா என்று கேட்டார்.

"நகர்ந்துச்சு," என்றார் சரோஜினி. "வண்டி இருக்கட்டும். ஆனா நீங்க இருக்குற வரைக்கும் உங்களுக்கு இனி வேஷம் கிடையாது."

சொன்ன சொல்லை இரண்டு விதத்திலும் காப்பாற்றினார்.

டியூஷன் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு வழி சொன்னது எட்மண்ட். ஜனவரியில் வண்டியை மறுபடி பிரித்துப் பூட்டி, அது கொட்டகைக்குத் திரும்பிய பிறகு, பின் சீட்டுக்குப் புது ரெக்ஸின் போட்டார். கொட்டகை ஓரமாக இரண்டு பெஞ்சு. மழை பெய்தால் பத்துப் பேர் பெஞ்சில், மூன்று பேர் பின் சீட்டில், ஒருவர் முன் சீட்டில். எல்லோருக்கும் ஸ்டியரிங் பக்கம்தான் வேண்டும் என்று சண்டை வந்தது. வாரத் தேர்வில் முழு மார்க் வாங்குகிறவருக்குத்தான் டிரைவர் சீட்டு என்று டீச்சர் விதி செய்தார். அந்த வருடம் கணக்கில் எவரும் எழுபதுக்குக் கீழே போகவில்லை.

எட்மண்ட் 2009 ஜூலையில் இறந்தார். இருதயம். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பதினொரு மணிக்கு இல்லை. கோட் போட்டுப் பெட்டியில் வைக்கும்போது ஜோசலின் அந்த ஸ்பானரைக் கால்சட்டைப் பையில் போட்டாள். பெட்டியை இறக்கும்போது 'டங்' என்று கேட்டது. பாடகர் குழுவில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து டியூஷன் மறுபடி தொடங்கியது. மழை. பிள்ளைகள் பெஞ்சிலும் பின் சீட்டிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சீட்டு காலி. யாருக்கும் முழு மார்க் இல்லையா என்று சரோஜினி கேட்டார். இல்லை டீச்சர் என்றார்கள் எல்லோரும். தாள்களைத் திருத்தியது அவர்தான். இரண்டு பேர் நூற்றுக்கு நூறு.

அடுத்த வாரமும் யாருக்கும் முழு மார்க் இல்லை என்றார்கள். சரோஜினி எழுந்து போய்க் கார்க் கதவைத் திறந்தார். வெண்ணிலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு, நூறு வாங்கியவர்களில் ஒருத்தி. அவள் தயங்கித் தயங்கி ஏறினாள்.

"கதவை மெதுவா சாத்து," என்றார் சரோஜினி. "ஹாரனைத் தொடாதே."

தொட்டாள். அடித்தது. வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகவே அடித்தது.